வீட்டுப் பட்டறையில் முட்டும் பிடிப்பும்: ஜாப் அசைந்தால் எங்கே தேடுவது

கார் ஷெட்டிலோ மாடிப்படிக்கு அடியிலோ சின்ன லேத்தும் மில்லிங் மெஷினும் போட்டு வேலை பார்க்கிறவர்கள் கூப்பிட்டால், பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்: "அண்ணா, ஸ்பிண்டில் பேரிங் போயிடுச்சுன்னு நினைக்கிறேன், ஜாப் முழுக்கக் கோடு கோடா வருது." போய்ப் பார்த்தால், கட்டரையோ ஜாபையோ சுழற்றும் தண்டைத் தாங்கும் அந்தப் பேரிங் நன்றாகவே இருக்கும். ஜாபுக்கு (மெஷினில் பிடித்து வேலை செய்யும் துண்டுக்கு) அடியில் வைத்த பேக்கிங் (உயரம் கொடுக்கும் கட்டை) ஒரு ஓரத்தில் தொடாமல் நிற்கும். இல்லையென்றால் ஸ்க்ரூ ஜாக் (போல்ட்டைத் திருகி உயரம் கூட்டும் முட்டு) தாங்க வேண்டிய ஜாபைத் தூக்கிக்கொண்டிருக்கும். பேரிங்குக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை இங்கே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன்.

நான் சொல்லும் முட்டுகள் எல்லாம் கையால் செய்யக்கூடியவை: பேரலல் (ஜாபுக்கு அடியில் வைக்கும், ஒரே உயரமுள்ள ஜோடிப் பட்டைகள்), ஸ்க்ரூ ஜாக், பேக்கிங் கட்டை, வி பிளாக் (உருண்டைத் தண்டு உட்கார வி வடிவப் பள்ளமுள்ள கட்டை), லேத்துக்கான ஸ்டெடி (நீளத் தண்டை விரல்களால் தாங்கும் முட்டு). துண்டு இரும்பும் பொறுமையும் இருந்தால் போதும். உங்கள் கோளாறுக்கான தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கை கடிக்கும் காரணம் கடைசியில். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இது

மெஷினை நிறுத்தி, மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, ஜாபையும் முட்டுகளையும் மொத்தமாகக் கழற்றுங்கள். டேபிளைப் பிரஷ்ஷால் தள்ளி, துணியால் துடைத்து, கடைசியில் வெறும் உள்ளங்கையால் மெதுவாகத் தடவுங்கள். துணி விட்டுவிடும் துகளைக் கை கண்டுபிடித்துவிடும். 50 மி.மீ. அகலமுள்ள பேக்கிங்கின் ஒரு ஓரத்தில் 0.05 மி.மீ. துகள் சிக்கினால், 100 மி.மீ. தூரத்தில் அது 0.1 மி.மீ. சாய்வாகிவிடும்.

அடுத்தது பிசிறு. ரம்பத்தில் அறுத்த முனை, டிரில் போட்ட ஓட்டையின் வாய், டேப் போட்ட (உள்மரை வெட்டிய) இடம் ஆகிய மூன்றிலும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். நைஸ் அரத்தால் ஓரத்தைத் தட்டிவிட்டு, சமமான எண்ணெய்க் கல்லில் முகத்தை நாலு முறை தேய்த்தால் மேடு எங்கே என்பது பளபளப்பாகத் தெரியும்.

மூன்றாவது, தாள் சோதனை. மளிகைக் கடை பில் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஜாப் உட்காரும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு துண்டு வையுங்கள். ஜாபை வைத்து இறுக்குங்கள். இப்போது ஒவ்வொன்றாக இழுங்கள். கிழிந்து வந்தால் அந்த மூலை உட்கார்ந்திருக்கிறது. வழுக்கிக்கொண்டு முழுசாக வந்தால் அங்கே இடைவெளி. டயல் இண்டிகேட்டர் (மிகச் சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் அளவி) இல்லாதவர்களும் செய்யக்கூடிய சோதனை இது. டயல் வைத்திருக்கிற நானும் முதலில் தாளைத்தான் எடுக்கிறேன்.

பாதிப் புகார்கள் இந்த மூன்றிலேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் கீழே வாருங்கள்.

கோளாறு 1: வைஸை இறுக்கியதும் அடியிலுள்ள பேரலல் ஆடுகிறது

வைஸை (இரண்டு தாடைகளுக்கு நடுவே ஜாபைக் கவ்வும் கருவியை) இறுக்கும் முன் இரண்டு பேரலலும் கெட்டியாக இருக்கும். கைப்பிடியைச் சுற்றி முடித்ததும் ஒன்று விரல் நுனியாலேயே நகரும். பெரும்பாலும் நகரும் தாடைப் பக்கத்துப் பேரலல்தான் இப்படித் தளரும்.

*இரண்டு பேரலலும் ஒரே உயரமா?* மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். நடுவில் மட்டும் அளந்தால் போதாது, இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். 0.02 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அவை ஜோடியே இல்லை. புதிதாகச் செய்வதானால் ஒரே பிரைட் பாரில் (குளிர்நிலையில் இழுத்த பளபளப்பான கம்பியில்) அடுத்தடுத்து அறுத்த இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, ஒரே செட்டிங்கில் மேல் முகத்தை ஓட்டுங்கள் (கட்டரால் சீவுங்கள்). பிறகு இரண்டையும் சேர்த்தே புரட்டி மறு முகத்தை ஓட்டுங்கள். தனித்தனியாக ஓட்டி அளவு பிடிக்கலாம் என்று நினைத்தால் நேரம்தான் போகும்.

அவசரத்துக்கு இன்னொரு வழி உண்டு. பழைய 6205 பேரிங் இரண்டு கிடைத்தால் வெளி வளையங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 52 மி.மீ. விட்டம், 15 மி.மீ. அகலம். படுக்கவைத்தால் அருமையான வட்டப் பேரலல். கீழே விழாது, சாயாது. ஒரு வளையத்துக்குள் அகலம் சீராக இருக்கும். ஆனால் ஒரு வளையத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருக்கலாம், அதனால் அளந்து ஜோடி சேருங்கள். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் கிடைக்கக்கூடிய பொருள்தான். பேரிங்கை உடைக்கும்போது துணியால் மூடி, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கடினமான எஃகு, சில்லு தெறிக்கும்.

*ஜாபின் பக்கங்கள் இணையாக இருக்கின்றனவா?* அறுத்தபடியே வந்த துண்டு, வார்ப்பு, பிளாக் பார் (சூட்டில் உருட்டிய, கருந்தோலுள்ள கம்பி) இவற்றில் இணை இருக்காது. நிலையான தாடைப் பக்கம் நல்ல முகத்தை வையுங்கள். நகரும் தாடைக்கும் ஜாபுக்கும் நடுவே 10 மி.மீ. விட்டமுள்ள உருண்டைக் கம்பி ஒன்றைப் படுக்கவாட்டில், பிடிக்கும் உயரத்தின் நடுவாக்கில் வைத்து இறுக்குங்கள். எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) போதும், பித்தளை இன்னும் நல்லது. கம்பி ஒரே கோட்டில் தள்ளுவதால் ஜாப் நிலையான தாடையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்துக் கோணல் இந்தப் பக்கத்தைப் பாதிக்காது.

*நகரும் தாடை தூக்குகிறதா?* எல்லா வைஸிலும் கொஞ்சம் தூக்கும், விலை குறைந்த வைஸில் நிறையவே. சோதிக்க, டயல் முள்ளை நகரும் தாடையின் தலையில் வைத்து இறுக்குங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஏறினால் தாடைக்கு அடியில் இருக்கும் பிடிப்புத் தகட்டின் போல்ட்டுகளைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் இறுக்கினாலே சரியாகும். இறுக்கியும் தூக்கினால், தகட்டுக்கும் வைஸுக்கும் இடையிலுள்ள இடைவெளி பெரிது. தகட்டைக் கழற்றி, அது உட்காரும் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அரம் போட்டு, தாடை கையால் சிரமமில்லாமல் நகரும் அளவுக்கு இடைவெளியைக் குறைக்கலாம்.

அப்புறம், தட்டும் விதம். வைஸைப் பாதி இறுக்கி, செம்பு அல்லது கடின பிளாஸ்டிக் சுத்தியலால் ஜாபின் நடுவே ஒரு தட்டு, பிறகு முழு இறுக்கம். சரியாக உட்கார்ந்தால் சத்தம் மந்தமாக 'டொக்' என்று அடங்கும். 'டிங்' என்று துள்ளினால் அடியில் காற்று இருக்கிறது. முழுவதும் இறுக்கிய பிறகு ஓங்கி ஓங்கி அடிப்பவர்களைப் பார்க்கிறேன். அதில் ஜாப் கீழே போவதைவிடத் துள்ளித் திரும்புவதுதான் அதிகம்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* பேரலல் இல்லாமல் வைஸின் உள்தளத்திலேயே டயலை ஓட்டிப் பாருங்கள். நடுவில் குழி விழுந்து 0.05 மி.மீ.க்கு மேல் காட்டினாலோ, நிலையான தாடை டேபிளுக்குச் செங்குத்தாக இல்லாமல் 50 மி.மீ. உயரத்தில் அதே அளவு சாய்ந்தாலோ, வீட்டில் சரி செய்ய முயல வேண்டாம். வைஸைக் கழற்றி சர்ஃபேஸ் கிரைண்டிங் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையில் கொடுங்கள். அடிப்பக்கத்தை முதலில் ஓட்டச் சொல்லுங்கள், பிறகு உள்தளம், கடைசியில் தாடை. உங்கள் பேரலல்களையும் அதோடு கொடுத்தால் ஒரே முறையில் முடிந்துவிடும்.

கோளாறு 2: ஜாபின் நீட்டிய பகுதி அதிர்கிறது, கட் எடுக்கும்போது அலறுகிறது

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காது, மெல்லிய கை, பிராக்கெட்டின் ஓரம் இவற்றில்தான் இது வரும். எண்ட் மில் (மில்லிங் மெஷினில் மாட்டும் கட்டர்) தொட்டதும் காதைப் பிளக்கும் சத்தம், முகத்தில் மீன் செதில் போல வரிசை வரிசையாகக் கோடு. வீட்டுப் பட்டறையில் நான் அதிகம் சரி செய்யும் கோளாறு இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

*முதலில் கட்டர் பக்கம்:* எண்ட் மில் தேவைக்கு மேல் நீட்டியிருக்கிறதா? முனை மழுங்கியிருக்கிறதா? வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் மாறுகிறதா? கட்டரை உள்ளே தள்ளி, வேகத்தைக் குறைத்து, ஃபீடைக் கொஞ்சம் கூட்டுங்கள். அடங்கிவிட்டால் முட்டைத் தொடவே வேண்டாம்.

*கையால் அழுத்தும் சோதனை:* மெஷின் நின்றிருக்கும்போது டயல் முள்ளை நீட்டிய பகுதியின் முனையில் வைத்து, கட்டை விரலால் அழுத்துங்கள். முள் அசைந்தால் அதற்கு முட்டு வேண்டும். அசையவில்லை என்றால் அதிர்வு வேறெங்கோ இருக்கிறது. டேபிளின் ஜிப் பட்டைகளையும் (ஆட்டத்தை எடுக்கும் பட்டைகள்), ஓடாத அச்சுகளின் லாக்கையும் பாருங்கள்.

*முட்டு ஏற்கெனவே கொடுத்தும் அதிர்கிறதா?* அப்படியானால் மூன்றில் ஒன்று.

ஒன்று, ஜாக் தொடவில்லை. கிளாம்பை இறுக்கும்போது ஜாப் மிக லேசாக இடம் மாறும். அதற்கு முன்னால் வைத்த ஜாக் இப்போது காற்றில் நிற்கும். கிளாம்பை முழுவதும் இறுக்கிய பிறகுதான் ஜாக்கை ஏற்ற வேண்டும்.

இரண்டு, ஜாக் தூக்குகிறது. இதுதான் அதிகம். ஸ்பேனரைப் போட்டு நன்றாக இறுக்கினால்தான் மனசு நிம்மதியாகிறது, ஆனால் எம்10 போல்ட்டின் மரை இடைவெளி 1.5 மி.மீ. அறுகோணத் தலையில் ஒரு பட்டை அளவு திருப்பினாலே 0.25 மி.மீ. ஏறிவிடும். வளைந்து நிற்கும் ஜாபைச் சமமாக ஓட்டிவிட்டு, ஜாக்கை இறக்கினால் அது திரும்ப வரும்போது முகம் கோணும். டயல் முள்ளை ஜாக்குக்கு நேர் மேலே வைத்து, விரலாலேயே போல்ட்டை ஏற்றுங்கள். முள் அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு மயிரிழை இறக்கி, லாக் நட்டை இறுக்குங்கள். லாக் நட்டை இறுக்கும்போது போல்ட் சுற்றாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். முள் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

மூன்று, ஜாக்கின் தலை சாய்ந்து ஒரே ஓரத்தில் தொடுகிறது. வார்ப்பின் அடிப்பக்கம் சமமாக இருப்பதே இல்லை. தலையில் உருளும் தொப்பி போட்டால் இது தீரும்.

*ஜாக் செய்யும் முறை:* 25 மி.மீ. எம்.எஸ். அறுகோணப் பாரில் 40 மி.மீ. துண்டு. லேத்தில் இரண்டு முகத்தையும் ஃபேசிங் செய்து (சமமாகச் சீவி), அடிமுகத்தின் நடுவில் அரை மி.மீ. குழித்துவிடுங்கள். அப்போது ஜாக் வெளி விளிம்பில் உட்காரும், ஆடாது. சக்கிலிருந்து (லேத்தில் ஜாபைக் கவ்விச் சுழற்றும் பிடியிலிருந்து) கழற்றாமலேயே 8.5 மி.மீ. டிரில் போட்டு, டெயில்ஸ்டாக்கின் (லேத்தின் மறு முனைத் தாங்கியின்) துணையோடு எம்10 டேப் இறக்குங்கள். அடிமுகத்தை ஓட்டிய அதே பிடியில் டேப் போட்டால்தான் போல்ட் நேராக நிற்கும். போல்ட்டின் தலையை ஃபேசிங் செய்து, சென்டர் டிரில்லால் ஒரு குழி எடுத்து, அதில் பழைய பேரிங்கின் குண்டு ஒன்றை உட்காரவையுங்கள். அதன் மேல், அடியில் கூம்புக் குழி எடுத்த 15 மி.மீ. வட்டத் தொப்பி. கிரீஸ் தடவினால் மூன்றும் ஒட்டிக்கொண்டு நிற்கும். உயரம் பத்தாதபோது கீழே வைக்க 20, 40 மி.மீ. உருளைத் துண்டுகளும் ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள். மொத்த உயரம் அடி அகலத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் ஜாக்கை நம்ப வேண்டாம், கெட்டியான பேக்கிங் கட்டைக்கு மாறுங்கள்.

மூன்று ஜாக்காவது செய்யுங்கள். மூன்று புள்ளியில் உட்காரும் எதுவும் ஆடாது. நாலாவதாக ஒன்று வைப்பதானால் அது தொட்டு நின்றால் போதும், தூக்கக் கூடாது. ஜாக் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே முடிந்தால் ஒரு கிளாம்ப் போடுங்கள். கட்டர் மேலே இழுக்கும்போது வெறும் ஜாக் ஒன்றும் செய்யாது.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* முட்டு, கிளாம்ப், கட்டர் மூன்றும் சரியாக இருந்தும், கெட்டியான இரும்புக் கட்டையைப் பிடித்து ஓட்டினாலும் அதே செதில் வருகிறது என்றால், இப்போதுதான் ஸ்பிண்டிலைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்பிண்டில் மூக்கில் டயலை வைத்து, மரக் கட்டையால் நெம்பிப் பாருங்கள். 0.03 மி.மீ.க்கு மேல் அசைந்தால் பேரிங் செட்டிங் தெரிந்த மெக்கானிக் வரட்டும். பேரிங்கின் முன் இறுக்கம் அனுபவக் கையில் வரும் வேலை. அதிகமாக இறுக்கினால் சூடேறி நல்ல பேரிங்கும் போய்விடும்.

கோளாறு 3: டேபிளில் கிளாம்ப் போட்ட ஜாப் கட்டின்போது நகர்ந்துவிடுகிறது

நட்டை இறுக்கக் குழாய் மாட்டி நெம்புவதற்கு முன் கிளாம்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

*கிளாம்ப் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?* பின்பக்க பேக்கிங் ஜாபைவிடத் தாழ்ந்திருந்தால் கிளாம்பின் வால் இறங்கி, மூக்கு மேலே பார்க்கும். ஜாபின் விளிம்பை மட்டும் கவ்வி, அதை வெளியே தள்ளும். பின்பக்கம் ஜாபைவிட ஒரு மி.மீ. உயரமாக இருக்கட்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே பலருடைய ஜாப் நின்றுவிடுகிறது.

*ஸ்டட் (கிளாம்பை டேபிளோடு இறுக்கும் மரைக் கம்பி) எங்கே நிற்கிறது?* ஜாபைத் தொடும் புள்ளிக்கும் பின்பக்க பேக்கிங்குக்கும் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்டட் ஜாபிலிருந்து 30 மி.மீ.யில் நின்றால் இறுக்கத்தில் 70 சதவீதம் ஜாபுக்குப் போகிறது. 70 மி.மீ. தள்ளி நின்றால் 30 சதவீதம்தான். மிச்சம் பேக்கிங்கை நசுக்குவதில் வீணாகிறது. ஸ்டட்டை ஜாபை ஒட்டிக் கொண்டு வாருங்கள்.

*பேக்கிங் எதில்?* நட்டு, வாஷர், உடைந்த டைல்ஸ் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு ஸ்பிரிங் மாதிரி. 25 மி.மீ. சதுரப் பாரில் 10, 20, 30, 50 மி.மீ. உயரத்தில் துண்டுகள் போட்டு, முனைகளை லேத்தில் நாலு தாடை சக்கில் ஃபேசிங் செய்து ஒரு டப்பாவில் வையுங்கள். அளவு துல்லியம் வேண்டியதில்லை, முகம் சமமாக இருந்தால் போதும். மரக் கட்டையைப் பின்பக்க பேக்கிங்காக வைக்க வேண்டாம், அதிர்வில் நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். டிரில் டேபிளைத் தொடாமல் இருக்க ஜாபுக்கு அடியில் போடும் பலகையாக மட்டும் மரம் சரி.

*வழுக்கும் முகமா?* கிரைண்டிங் செய்த முகம் டேபிளில் எண்ணெயோடு உட்கார்ந்தால் வழுக்கும். இரண்டையும் துடைத்து, நடுவே ஒரு தாள் போடுங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாள் 0.1 மி.மீ., பிடிப்பு கணிசமாகக் கூடும். கட்டர் தள்ளும் திசையில் டி ஸ்லாட்டில் (டேபிளின் டி வடிவப் பள்ளத்தில்) ஒரு தடுப்புக் கட்டையும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

*டி நட்:* கையால் செய்த டி நட்டில் (டி ஸ்லாட்டுக்குள் நிற்கும் நட்டில்) மரையை அடிவரை போட்டுவிட்டு ஸ்டட்டை முழுக்க இறக்குகிறார்கள். ஸ்டட்டின் அடி டேபிளின் பள்ளத்தில் முட்டும், நட்டை இறுக்க இறுக்க டி நட் மேலே நெம்பும். வார்ப்பிரும்பு டேபிளின் ஸ்லாட் உதடு அப்படியே பெயர்ந்துவிடும். டி நட்டின் அடிப்பக்கத்தில் பஞ்ச் வைத்து இரண்டு அடி போட்டு கடைசி மரையைச் சிதைத்துவிடுங்கள், ஸ்டட் அதற்கு மேல் இறங்காது. எம்12 ஸ்டட்டுக்குக் குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* ஸ்லாட் உதடு விரிசல் விட்டாலோ பெயர்ந்தாலோ அந்த ஸ்லாட்டைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். வார்ப்பிரும்பில் வீட்டு வெல்டிங் வேண்டவே வேண்டாம். சூட்டில் டேபிளே வளையும். வார்ப்பிரும்பு ரிப்பேரில் பழகியவரிடம் காட்டுங்கள்.

கோளாறு 4: பிடித்திருக்கும்போது சமம், அவிழ்த்ததும் வளைவு

ஓட்டி முடித்து டயல் போட்டால் பூஜ்யம். கிளாம்பைத் தளர்த்தியதும் முள் ஓடுகிறது.

*பிடித்த விதம்:* கிளாம்புக்கு நேர் அடியில் முட்டு இல்லையென்றால் தட்டை வளைத்துப் பிடித்திருக்கிறீர்கள். டயலைத் தட்டின் மேல் வைத்து ஒவ்வொரு நட்டாக இறுக்குங்கள். எந்த நட்டில் முள் ஓடுகிறதோ அதற்கு அடியில் இடைவெளி. ஃபீலர் கேஜால் அளந்து, அந்த அளவுக்குப் பித்தளைத் தகடு கொடுங்கள். தகட்டைக் கத்தரியால் வெட்டிய ஓரம் மடங்கி நிற்கும், கல்லில் தேய்த்த பிறகு வையுங்கள்.

*பொருளின் உள் இறுக்கம்:* பிடிப்பு சரியாக இருந்தும் வளைந்தால் பொருளைப் பாருங்கள். பிரைட் பாரின் ஒரு முகத்தை மட்டும் ஆழமாக ஓட்டினால் அது வளைந்தே தீரும். இரண்டு முகத்திலும் மாற்றி மாற்றி, பாதிப் பாதியாக எடுங்கள். கடைசி அரை மி.மீ.க்கு முன் கிளாம்பை முழுவதும் அவிழ்த்து, அதன் இயல்புக்கு வர விட்டு, லேசாகப் பிடித்து முடியுங்கள். பிளாக் பாரில் இந்தத் தொல்லை குறைவு. முட்டு செய்யவே வாங்குகிறீர்கள் என்றால் பெரிய கட்டைகளுக்குப் பிளாக் பார் வாங்குவதே என் பழக்கம்.

*3 மி.மீ.க்குக் கீழான தகடு:* கிளாம்பை மறந்துவிடுங்கள். தடித்த அலுமினியத் தட்டு ஒன்றை அதே மெஷினில் சமமாக ஓட்டி, இரண்டையும் தின்னரால் துடைத்து, இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டி ஓட்டுங்கள். முடிந்ததும் ஹீட் கன்னால் சூடேற்றினால் விட்டுவிடும். புகை கண்ணை எரிக்கும், கதவைத் திறந்து வையுங்கள்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* வெல்டிங் செய்த பிரேம், பெரிய ஆங்கிள் பிளேட் போன்றவை ஓட்ட ஓட்ட வளைந்தால் ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவரிடம் ஸ்ட்ரெஸ் ரிலீவிங்குக்கு (உள் இறுக்கத்தைச் சூட்டால் தளர்த்தும் வேலைக்கு) கொடுங்கள். எம்.எஸ்.ஸுக்கு 550 முதல் 650 டிகிரி வரை ஏற்றி, மெதுவாக ஆறவிடுவார்கள். வெல்டிங் முடிந்து, ஓட்டும் வேலை தொடங்கும் முன் கொடுக்க வேண்டும்.

கோளாறு 5: உருண்டைத் தண்டில் போட்ட ஓட்டை நடுவில் விழவில்லை

தண்டு வி பிளாக்கில் சுற்றிவிடுகிறதா என்று முதலில் பாருங்கள். தண்டில் மார்க்கிங் மையால் கோடு ஒன்று போட்டு, டிரில் போட்ட பிறகு கோடு இடம் மாறியிருந்தால் கிளாம்ப் போதவில்லை. பித்தளைத் தகடு வைத்து இறுக்குங்கள்.

கோடு மாறவில்லை என்றால் வி பிளாக்கைச் சந்தேகிக்கலாம். நேரான தண்டை அதில் வைத்து உச்சியில் டயலை நீளவாக்கில் ஓட்டுங்கள். இரண்டு பிளாக்குகளின் இடத்தை மாற்றி வைத்து மறுபடி ஓட்டுங்கள். சாய்வு திசை மாறினால் பிளாக்குகளின் உயரம் ஒன்றல்ல. மாறவில்லை என்றால் பிளாக் சரி, டேபிளையும் தண்டையும் பாருங்கள். வி செய்யும்போதும் பேரலல் கதைதான்: இரண்டு கட்டையையும் வரிசையாகப் பிடித்து ஒரே ஓட்டத்தில் எடுங்கள். அடியில் 3 மி.மீ. ரம்ப வெட்டு ஒன்று விட்டுவிடுங்கள், இல்லையென்றால் துகள் மூலையில் சேர்ந்து தண்டைத் தூக்கும்.

விட்டம் மாறும்போது நடு உயரமும் மாறும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 90 டிகிரி வி-யில் தண்டின் விட்டம் 1 மி.மீ. கூடினால் அதன் நடு 0.707 மி.மீ. மேலே போகும். குறுக்கு ஓட்டைக்கு நேர் மேலிருந்து டிரில் போட்டால் இது பாதிக்காது. பக்கவாட்டில் போடும்போது ஒவ்வொரு விட்டத்துக்கும் உயரத்தைப் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

கோளாறு 6: லேத்தில் நீளத் தண்டு அதிர்கிறது, அளவு ஒரே சீராக வரவில்லை

எங்கே தடிப்பு என்று அளந்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

*சக்கில் மட்டும் பிடித்து, வெளி முனை தடித்தால்:* தண்டு பிட்டுக்கு (லேத்தின் வெட்டும் உளிக்கு) பயந்து விலகுகிறது. விட்டத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் நீட்டியிருந்தால் டெயில்ஸ்டாக் சென்டர் கொடுங்கள்.

*சென்டர் கொடுத்தும் நடு மட்டும் தடித்தால்:* நடுவுக்கு முட்டு வேண்டும். ஸ்டெடி போடுங்கள்.

*ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சீராகத் தடித்துக்கொண்டே போனால்:* ஸ்டெடி தேவையில்லை, டெயில்ஸ்டாக் நேரில்லை. பக்கவாட்டு ஸ்க்ரூவில் சரி செய்யுங்கள்.

*ஸ்டெடி போட்டும் அதிர்ந்தால்:* தண்டு ஸ்டெடி தொடும் இடத்தில் வட்டமாக இருக்கிறதா? பிளாக் பாரின் தோல் மேல் விரல்களை வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் தூக்கிப் போடும். முதலில் சென்டரில் பிடித்து ஸ்டெடி உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு பட்டை ஓட்டிக்கொள்ளுங்கள். சதுரக் கம்பி என்றால், எட்டு ஸ்க்ரூ போட்ட ஒரு வளையத்தைக் கம்பியில் மாட்டி, டயல் பார்த்து நடுப்படுத்தி, அந்த வளையத்தின் மேல் ஸ்டெடியை வையுங்கள்.

*தண்டு சக்கிலிருந்து மெல்ல வெளியே ஊர்ந்து வந்தால்:* மெஷினை உடனே நிறுத்துங்கள். ஸ்டெடியின் நடுவும் ஸ்பிண்டிலின் நடுவும் ஒன்றாக இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் தாடைக்குள் தண்டு கொஞ்சம் வளைந்து நிமிர்ந்து வெளியே நடக்கும். ஸ்டெடியைச் சக்குக்கு அருகே கொண்டுவந்து, தண்டைத் தொடும்படி விரல்களை அங்கே அமைத்து, பிறகு அப்படியே தேவையான இடத்துக்கு நகர்த்திப் பூட்டுங்கள். அமைக்கும்போது கீழிரண்டு விரலை முதலில், மேல் விரலைக் கடைசியில். லேத் ஓடும்போது கையுறை வேண்டாம்.

*தண்டில் சூடும் கோடும் வந்தால்:* விரல் நுனி எதில் என்று பாருங்கள். கன் மெட்டல் (செம்புக் கலவை) நுனி என்றால் எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 608 பேரிங் போட்ட நுனி என்றால் சூடு வராது, ஆனால் இரும்புச் சுருள் பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே புகுந்து அழுத்தும், வரிவரியாகத் தழும்பு விழும். பழைய கார் டியூபை வட்டமாக வெட்டி, தண்டில் இறுக்கமாக நுழைத்து, ஸ்டெடிக்கு முன்னால் திரையாக நிறுத்துங்கள். மெல்லிய தண்டுக்குப் பேரிங், கனமான தண்டுக்குக் கன் மெட்டல் என்பது என் தேர்வு.

*ஸ்டெடி பிரேமே அசைந்தால்:* வீட்டில் செய்ததில் பிரேமை 6 மி.மீ. தகட்டில் வெட்டியிருப்பார்கள். 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அடிப்பகுதி பெட்டின் (லேத்தின் நீள அடித்தளத்தின்) வி-யில் முழுக்க உட்காருகிறதா என்று மார்க்கிங் ப்ளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) தடவிப் பாருங்கள். வெல்டிங் முடித்த பிறகுதான் வி-யை ஓட்ட வேண்டும், முன்னாலேயே ஓட்டினால் வெல்டிங் சூட்டில் கோணிவிடும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்:* சக்குக்குப் பக்கத்தில் சரியாக அமைத்த ஸ்டெடி, பெட்டின் நடுவுக்குப் போனதும் தண்டை ஒரு பக்கம் தள்ளுகிறது, கேரியேஜும் (பிட்டைச் சுமந்து பெட்டின் மேல் ஓடும் பகுதியும்) சக்குக்கு அருகில் தளர்வாகவும் டெயில்ஸ்டாக் பக்கம் இறுக்கமாகவும் ஓடுகிறது என்றால் பெட் தேய்ந்திருக்கலாம். முதலில் லேத்தின் கால்களுக்கு அடியில் லெவல் பாருங்கள். தரை ஒரு மூலையில் இறங்கினாலே பெட் முறுகி இதே அறிகுறியைக் காட்டும். லெவல் சரி செய்தும் மாறவில்லை என்றால், பெட் ஸ்கிரேப்பிங் (பெட்டைக் கையால் சுரண்டிச் சமமாக்கும் வேலை) தெரிந்த ஃபிட்டரிடம் அளக்கச் சொல்லுங்கள். வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் தேய்மானம் எத்தனை மைக்ரான், எந்த இடத்தில் என்று எழுதி வாங்குங்கள். சின்ன லேத்தில் ஸ்கிரேப்பிங் கூலி சில நேரம் மெஷின் விலையில் பாதியைத் தொட்டுவிடும். குட்டைத் தண்டுகள் மட்டுமே ஓட்டுபவர் என்றால், தேய்ந்த இடம் எது என்று தெரிந்துகொண்டு அதைத் தவிர்த்து வேலை பார்ப்பதே போதும்.